ஆறாம் குழியில் பதினொரு காலடி

அந்த மலை மைதானத்தில் காலை ஆட்டம் தொடங்க சூரியன் உதித்தால் மட்டும் போதாது, ஜட்ஜம்மாவும் தலையாட்ட வேண்டும். அப்படித்தான் அவளைக் கூப்பிட்டார்கள். கோல்ஃப் மைதானத்தின் புல்லுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. தினமும் விடிந்ததும் ஒவ்வொரு கிரீனாகப் போவாள். கிரீன் என்றால் பந்து விழும் குழியைச் சுற்றி, பாய் விரித்த மாதிரி ஒட்ட வெட்டிய புல்தரை. அதன் ஓரத்தில் குந்தி, கையுறையைக் கழற்றி, உள்ளங்கையைப் புல்லில் வைத்துப் பார்ப்பாள். உறைபனி மொறுமொறுவென்று கையில் பட்டால், "பனி. காத்திருக்கவும்" என்ற பலகையை மாட்டிவிடுவாள். அதன்பிறகு எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் பப்பு வேகாது. ஒருமுறை மைதானத்தை நடத்தும் கம்பெனி முதலாளியின் மாப்பிள்ளையே இரண்டு மணி நேரம் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

காரணம் இல்லாமல் இல்லை. உறைந்த புல்லை மிதித்தால் உள்ளுக்குள் ஒடிந்துவிடும். மிதித்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. வெயில் ஏறிய பிறகுதான், கால் வைத்த இடமெல்லாம் கறுத்து, செருப்பின் அளவு முதற்கொண்டு காட்டிக்கொடுக்கும். தேறி வர மூன்று வாரம் பிடிக்கும்.

இது அவள் கணவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அவர் அதே மைதானத்தில் புல்வெட்டும் வண்டி ஓட்டுகிறவர். ஒன்பது வருடத்துக்கு முன் காற்றில் பறந்த தொப்பியைப் பிடிக்க உறைபனியில் ஆறாம் கிரீனின் குறுக்கே ஓடிவிட்டார். அந்தக் காலடிகள் மறையும்வரை அவள் அவரோடு பேசவில்லை. இருபத்து மூன்று நாள். நடுவில் மகள் பரீட்சையில் முதலாவதாக வந்த சேதி வந்தது. அதைக்கூட ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தாள். "முகத்துல சோப்பு நுரையோட நின்னு படிச்சேன்யா" என்று அவர் இன்றும் வேலையாட்களிடம் சொல்லிச் சிரிப்பார். கூடவே அவளும் சிரிப்பாள்.

இந்த வருடம் சிரிக்கிற நிலைமையில் யாரும் இல்லை. மைதானத்தில் கீழே ஒன்பது குழிகள், மேலே ஒன்பது குழிகள். இரண்டிலும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். மேலே ஏறி வர ஆட்கள் குறைந்துவிட்டார்கள், கீழே மட்டும் போதும், மேலே உள்ளதைக் காட்டுக்கே விட்டுவிடலாம் என்று கம்பெனியில் பேச்சு அடிபட்டது. பன்னிரண்டு வருடம் அவள் கல் பொறுக்கி, மண் சலித்து, பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்த மேல் ஒன்பது. ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஒரு பத்திரிகை, மலையில் ஆட வேண்டிய சிறந்த இருபது கோல்ஃப் மைதானங்கள் என்று பட்டியல் போடப்போகிறது. அதில் இடம் கிடைத்தால் மேல் ஒன்பது தப்பிக்கும், இல்லையென்றால் அடுத்த மழைக்குள் புதர்தான். ஆடிப் பார்த்து எழுத அங்கிருந்து ஒரு அம்மா வருகிறார்.

"மேல் ஒன்பதுல ஆறாவது குழிய கீழ்ப்பக்கம் சமதளத்துல வெட்டிடுங்கம்மா," என்று முந்தின நாள் மேனேஜர் கெஞ்சினார். "அந்தம்மா பந்து சுலபமா உள்ள போகணும். சந்தோஷமா போனாத்தான் நல்லபடியா எழுதுவாங்க. ஏழரைக்கெல்லாம் எல்லாம் தயாரா இருக்கணும்."

குழியைத் தினமும் இடம் மாற்றுவது அவள் வழக்கம்தான். ஒரே இடத்தில் இருந்தால் சுற்றியுள்ள புல் மிதிபட்டுச் செத்துப்போகும். ஆனால் எங்கே மாற்றுவது என்று புல்லைப் பார்த்து அவள்தான் முடிவு செய்வாள். ஆளைப் பார்த்துக் குழி வெட்டுவது இதுதான் முதல் தடவை. மனசுக்கு ஒப்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள்.

மறுநாள் விடியற்காலையில் மேல் ஒன்பதின் முதல் ஐந்து கிரீன்களையும் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் கிழக்கு பார்த்தவை, ஈரம்தான், பனி இல்லை. ஆறாவது ஒரு பள்ளத்தில் மலையின் நிழலில் கிடந்தது. குழி வெட்டும் இரும்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது.

"அந்தம்மா வந்துட்டாங்க. ஆறாவது முடிஞ்சுதா, இல்லையா?" மேனேஜர் மூச்சு வாங்கினார்.

"இதோ சார், இப்பதான் போறேன்," என்று பேசிக்கொண்டே நடந்தாள். ஒரு கையில் போன், ஒரு கையில் குழாய். குந்திப் பார்க்கக் கை ஏது, நேரம் ஏது. போனை வைத்த பிறகுதான் காலடியில் அந்தச் சத்தம் கேட்டது. மொறுக்.

அசையாமல் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். பதினொரு காலடி வந்திருந்தாள். குழி வெட்ட வேண்டிய இடமும் அதுவேதான். இனி நின்று என்ன, அழுது என்ன. குழியை வெட்டிவிட்டு, வந்த காலடிகளிலேயே கால் வைத்து, திருடியைப் போலத் திரும்பி வந்தாள்.

அங்கே முதல் குழியில் அந்த அம்மா தன் பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். அறுபது வயதிருக்கும். வெயிலில் காய்ந்த முகம். "இங்க காலையில உறைபனி உண்டா?" என்று கேட்டார்.

"மருந்துக்குக்கூடக் கிடையாதுங்க மேடம். எந்த நேரமும் ஆடலாம்," என்றார் மேனேஜர். கண்ணைக்கூட இமைக்கவில்லை.

ஒன்பது மணிக்கு ஆறாம் கிரீனில் வெயில் விழுந்தது. ஒன்பதரைக்கு ஒவ்வொன்றாகக் காலடிகள் கறுத்து எழும்பின. ஓரத்திலிருந்து குழி வரைக்கும் நேர்கோடாகப் பதினொன்று. வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்த கணவர் அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவருக்குக் கண்கள் விரிந்தன. கேலி செய்ய வாயெடுத்தவர், அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"மணல் தூவிடலாம்," என்றார் மெதுவாக. "உரம் போட்டிருக்கோம்னு சொல்லிக்கலாம். வாளிய எடு."

அவள் வாளியை எடுத்தாள். ஒரு பிடி மணலும் அள்ளினாள். அதற்குள் அந்த அம்மாவும் மேனேஜரும் மேடேறி வந்துவிட்டார்கள். மேனேஜரின் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆனது.

"யார் காலடி இது?" என்று கேட்டார் அந்த அம்மா.

"நான்தாங்க," என்று கணவர் ஓர் எட்டு முன்னால் வந்தார். "எனக்கு இது புதுசில்ல. முன்னாடியும் ஒருதரம் இப்படித்தான் பண்ணேன்."

அந்த அம்மா அவர் பூட்ஸைப் பார்த்தார், காலடியைப் பார்த்தார். "உங்க கால் படகு மாதிரி இருக்கு. இது ஒரு சாண்தான் இருக்கு. யாருக்குங்க காது குத்தறீங்க?"

ஜட்ஜம்மா கையிலிருந்த மணலை வாளியிலேயே போட்டாள். "என்னுதுங்க," என்றாள். "இந்தப் பள்ளத்துல ஒன்பது மணி வரைக்கும் பனி போகாது. குளிர் காலத்துல பனி இருந்தா மேல ஒன்பது குழியிலயும் பத்து மணிக்கு முன்னாடி நான் யாரையும் விடறதில்ல. இன்னைக்கு உங்களுக்குக் குழி சுலபமா இருக்கணும்னு அவசரத்துல வந்தேன். தொட்டுப் பாக்காம மிதிச்சிட்டேன். தப்பு என்னுதுதான்."

மேனேஜர் வானத்தைப் பார்த்தார். அந்த அம்மா காலடிகளைச் சுற்றிக்கொண்டு நடந்து, பந்தைக் குழியை நோக்கித் தட்டினார். சமதளம்போலக் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் பந்து பள்ளத்தாக்கின் பக்கமாக வழுக்கிப் போய், குழியைத் தாண்டி நின்றது. மலையில் கண்ணை நம்ப முடியாது. "இதையா சுலபம்னீங்க?" என்று கேட்டுவிட்டுச் சின்ன நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

"ஒரு வார்த்தை பேசாம இருந்திருக்கலாம்," என்று போகிற போக்கில் மேனேஜர் அவளிடம் முணுமுணுத்தார். "எல்லாம் போச்சு."

அன்று மாலை வீட்டில் அவள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். கணவர் எடுத்துக் குடித்தார், பேசவில்லை. "என்னங்க?" என்றாள். அவர் கூரையைப் பார்த்தார். விரலால் காற்றில் பதினொன்று என்று எழுதிக் காட்டினார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வேண்டும் எனக்கு, என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது. அவர் கெட்டிலோடு பேசினார், கதவோடு பேசினார், போனில் மகளோடு மணிக்கணக்காகப் பேசினார். அவளோடு மட்டும் இல்லை. கோபமும் இல்லை, சாப்பாட்டில் குறையும் சொல்லவில்லை. விளையாட்டுதான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், சட்னி அரைக்கிற சத்தம் ஓய்ந்ததும் வீடு ஹோவென்று கிடந்தது. ஒரு நாள் மைதானத்தில் நரிக்குட்டி ஒன்றைப் பார்த்துவிட்டுச் சொல்ல ஓடி வந்தாள். பாதியில் நினைவு வந்து நின்றுவிட்டாள். பத்தாம் நாள் தாங்க முடியவில்லை.

"அன்னைக்கு நான் இருபத்து மூணு நாள் இப்படித்தான் வெச்சிருந்தேனா உங்கள?" என்று அவர் முதுகைப் பார்த்துக் கேட்டாள். முதுகு பதில் சொல்லவில்லை. ஆனால் தோள்கள் கொஞ்சம் தளர்ந்ததுபோல இருந்தது.

பதினாறாம் நாள் அவள் ஆறாம் கிரீனில் குந்தி, தேறாத காலடிகளில் புது விதை தூவிக்கொண்டிருந்தாள். எட்டு மறைந்துவிட்டன, மூன்று பாக்கி. தூரத்தில் புல்வெட்டும் வண்டி தாறுமாறாக மேடேறி வந்தது. பாதி வழியில் அது நிற்க, கணவர் குதித்து இறங்கி ஓடிவந்தார். கையில் போன்.

"இருபதாவது!" என்று கத்தினார். "ஏய், இருபதாவது! கடைசிதான், ஆனா உள்ள இருக்கோம்! மேல் ஒன்பது இருக்குமாம், மேனேஜரே கூப்பிட்டுச் சொன்னாரு! என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? 'இங்கே பத்து மணிக்கு முன் ஆட விடமாட்டார்கள். சண்டை போடாதீர்கள், காத்திருங்கள். அந்தப் பெண் சொன்னால் சரியாக இருக்கும்.' உன்னத்தான்! உன்னத்தான் எழுதியிருக்காங்க!"

மூச்சிரைக்க, கிரீனின் ஓரத்தில் சட்டென்று பிரேக் போட்டு நின்றார். அப்போதும் புல்லை மிதிக்கவில்லை.

அவள் எழுந்தாள். மேல் ஒன்பது தப்பியது என்பது மனதில் இறங்குவதற்குள் இன்னொன்று இறங்கிவிட்டது. "பேசிட்டீங்களே," என்றாள். "இன்னும் மூணு பாக்கி இருக்கு."

"கெடக்குது போ," என்றார் அவர். "இதைப் போய் காகிதத்துலயா எழுதி ஒட்ட முடியும்?"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அவளால் முடியவில்லை. ஒன்பது வருடமாகக் கூடவே சிரித்த கதைக்கு அன்றுதான் முதன்முதலாக அழுதாள்.