தொப்பி தின்கிறவள்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சம்தென் கையைத் தூக்குவான். நான் குரலைத் தூக்க வேண்டும். உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே அமுக்குவான். நான் குரலை இறக்க வேண்டும். மூன்று மாதமாக இதுதான் எனக்கு வானொலிப் பயிற்சி. பொம்மலாட்டப் பொம்மைக்காவது வாய் வலிக்காது.

அவன் என்னைவிட நாலு வயது சின்னவன். பிறந்தது தர்மசாலாவில், லாசாவை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறான். ஆனால் லாசாக்காரர்களின் ஏற்ற இறக்கம் அவன் நாக்கில் பிசகாமல் நிற்கும். நான் திபெத்தின் வடகிழக்கே இருக்கிற ஆம்தோக்காரி. மேய்ச்சல் வெளியிலிருந்து பனிமலை தாண்டி நடந்தே வந்தவள். எங்கள் பேச்சில் இந்த ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இறைச்சிக்கும் தொப்பிக்கும் அவர்கள் வாயில் ஒரே ‘ஷா’தான், குரலை உயர்த்தினால் இறைச்சி, தாழ்த்தினால் தொப்பி. எங்களுக்கு இரண்டும் முதல் எழுத்திலேயே வேறு வேறு ஒலி. அப்புறம் எதற்குக் குரலோடு மல்லுக்கட்ட வேண்டும்?

வந்த புதிதில் சாப்பாட்டுக் கடையில் இறைச்சி கேட்டபோது குரலை இறக்கிவிட்டேனாம். அதைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டான்.

“என்ன லூமோக்கா, இன்னிக்கும் தொப்பிதானா? நல்லா வெந்துச்சா?”

“நீங்க பாதி எழுத்த முழுங்கிடுறீங்க கென்-லா. முழுங்கினத மறைக்கத்தான் குரல தூக்கித் தூக்கிப் போடுறீங்க. நாங்க எழுதினத ஒண்ணுவிடாம சொல்றவங்க.”

கென்-லா என்றால் வாத்தியாரே என்று மரியாதையாகக் கூப்பிடுவது. நான் கூப்பிடும்போது மரியாதை கொஞ்சம் மட்டாகத்தான் இருக்கும்.

வாய் இப்படிப் பேசினாலும் வேலை எனக்கு வேண்டும். ஆறு வருடம் ஹோட்டல் போர்வைகள் துவைத்த கை இது. அன்று கடைசிச் சோதனை. காலைச் செய்தியை நேரலையில் பிசகாமல் வாசித்தால் வேலை நிரந்தரம். பிசகினால் மறுபடியும் போர்வைதான்.

தாளை வாங்கிப் பார்த்தேன். ஐந்தாவது செய்தியில் கண் நின்றுவிட்டது. கழுகுக் கணவாயில் பனிச்சரிவு வரும், மூன்று நாளைக்கு மந்தைகளை ஓட்டிக்கொண்டு யாரும் தாண்ட வேண்டாம். அது எங்கள் கணவாய். வசந்தம் பிறந்தால் எங்கள் ஆட்கள் யாக் மாடுகளோடு தாண்டுகிற இடம்.

“இத மட்டும் எங்க பேச்சுல வாசிச்சிடறேன்,” என்றேன். “இது அவங்களுக்குத்தான். லாசாப் பேச்சு அங்க பாதிகூட விளங்காது.”

“வானொலிக்கு ஒரே பேச்சுதான்க்கா. புரியலன்னா பழகிக்கட்டும்.”

“அவங்க பழகுற வரைக்கும் பனி காத்திருக்குமா?”

“கையப் பாத்து வாசிங்க,” என்று கதவைச் சாத்தினான்.

நாலு செய்திகளையும் அவன் கை போன வழியிலேயே வாசித்தேன். ஒரு பிசகில்லை. அவன் முகத்தில்கூடச் சிரிப்பு வந்தது. ஐந்தாவதுக்குக் கை உயர்ந்தது. நான் நாற்காலியோடு திரும்பி, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். எங்கள் பேச்சில், ஓர் எழுத்தும் குறையாமல், கணவாயின் பெயரைச் சொல்லி வாசித்தேன். முதுகுக்குப் பின்னால் கண்ணாடி தடதடவென்று அதிர்ந்தது. இன்னொரு தடவை வாசித்தேன். கடைசியாக, தாளில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன்: “அண்ணன்மாரே, தம்பிமாரே, ஓட்டாதீங்க!”

வெளியே வந்ததும் சம்தென் சொன்னான்: “வேலை போச்சுக்கா. மூணு மாசமும் வீணாப் போச்சு.”

“எனக்கு ஒண்ணும் வீணாப் போகல.”

படி இறங்கினேன். ஒளிப்பானேன்? பயந்தேன்தான். ஆனால் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்க கால் ஒப்பவில்லை.

நான்காம் நாள் துவைத்துக்கொண்டிருக்கும்போது அவனே கூப்பிட்டு அனுப்பினான். யார் யார் கை மாறியோ ஒரு குரல் பதிவு வந்திருந்தது. அவன் முகம் தொங்கிக் கிடந்தது.

“ஏழு தடவ கேட்டுட்டேன். ஒண்ணும் புரியல. இது நம்ம மொழிதானா?”

போட்டுக் காட்டினான். ஒரு மேய்ப்பனின் குரல். காற்று இரைச்சலுக்கு நடுவே அடித்தொண்டையிலிருந்து வந்தது.

“ரேடியோல சொன்னதக் கேட்டு இந்தப் பக்கமே நின்னுட்டோம். மறுநா மத்தியானம் மலையே இறங்கின மாதிரி பனி விழுந்துச்சு. மாடு அத்தனையும் இருக்கு, புள்ளகுட்டியும் இருக்கு. அந்தப் பொண்ணு நம்ம வாயால பேசுச்சு. அதையே பேசச் சொல்லுங்க.”

அழுதேன். அவன் பார்க்கட்டும் என்றே அழுதேன்.

“என்னக்கா சொல்றார்?” சம்தென் பேனாவும் காகிதமுமாக நின்றான். “இயக்குநருக்கு எழுதிக் குடுக்கணும், சொல்லுங்கக்கா.”

சோப்பு காயாத கையால் நாற்காலியை இழுத்து அவனை உட்கார வைத்தேன். பதிவை முதலிலிருந்து ஓடவிட்டேன். அவன் கண் முன்னால் என் கையைத் தூக்கிப் பிடித்தேன்.

“திரும்பக் கேளுங்க கென்-லா. புரியலன்னா பழகிக்கணும்.”