முகம் கொடாத பாடம்

பிள்ளை கடித்தால் என்ன செய்வீர்கள் என்று ஞானசம்பந்தன் கேட்டான். பாளையங்கோட்டையில் அந்தப் பயிற்சிப் பள்ளியில் அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கிராமத்து வாத்தியார்கள். பாதிப் பேர் அவனைவிட மூத்தவர்கள். பிரம்பையும், பையனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத்தையும் வைத்து இத்தனை காலம் பள்ளிக்கூடம் நடத்திவிட்டு, சர்டிபிகேட் இல்லாவிட்டால் சர்க்கார் மானியம் கிடையாது என்றதும் வந்து சேர்ந்தவர்கள்.

ஸ்ரீவைகுண்டத்துப் பூதலிங்கம் எழுந்தார். "திருப்பி ஒரு கடி கடிச்சா அன்னைக்கோட மறந்துரும், சார்."

வகுப்பு சிரித்தது. ஞானசம்பந்தன் சிரிக்கவில்லை. மணிக்கட்டு மறையும்படி கோட்டுக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். அங்கே முந்தின நாள் பதிந்த பல்தடம் இருந்தது.

சொந்தப் பிள்ளையின் பல். கோமுவுக்கு நாலு வயது. புரட்டாசியில் அவன் மனைவி நீலாம்பாள் வாந்திபேதியில் போனாள். பிள்ளையை அடுத்த தெருவில் ஒரு வீட்டில் விட்டுக் கதவைப் பூட்டிவிட்டுக் காரியத்தை முடித்தார்கள். அம்மா ஆற்றுக்குக் குளிக்கப் போயிருக்கிறாள் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். மாற்றிச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அன்று முதல் கோமு கடித்தாள், துப்பினாள், சோற்றுக் கும்பாவைக் கவிழ்த்தாள். சமைக்க வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள்.

நீலாம்பாளின் அண்ணன் தில்லைநாயகம் ஆழ்வார்குறிச்சியில் நிலபுலனோடு இருப்பவர். பிள்ளையில்லாதவர். பெண்பிள்ளை இப்படி வளர்ந்தால் நாளைக்கு எந்த வீட்டில் போய் வாழும் என்று கேட்டு, கோமுவைக் கூட்டிக்கொண்டுபோக வந்தார். ஞானசம்பந்தன் தவணை கேட்டான். ஜில்லாவில் உள்ள வாத்தியார்களுக்கெல்லாம் பிள்ளைகளை நடத்தக் கற்றுக்கொடுக்கிறவன், தன் பிள்ளையைத் தன்னால் திருத்த முடியாது என்று எப்படி ஒப்புக்கொள்வான்? அவளையும் அனுப்பிவிட்டு அந்த வீட்டுக்குள் போய்ப் படுக்க முடியும் என்றும் தோன்றவில்லை. அடுத்த புரட்டாசியில் வரும் தலைத்திவசம் வரை பொறுப்பது, அதற்குள் அடங்காவிட்டால் ஆழ்வார்குறிச்சி என்று பேச்சாயிற்று.

வகுப்பில் அவன் சொன்ன வழி சுருக்கமானது. முரண்டு பிடிக்கிற பிள்ளைக்கு வேண்டியது நம் முகம். அடித்தாலும் முகம் கொடுத்ததுதான், கொஞ்சினாலும் கொடுத்ததுதான். அடங்கும்வரை கொடுக்காதீர்கள். அடங்கியதும் அள்ளிக் கொடுங்கள். சென்னையில் எல்.டி. என்கிற ஆசிரியர் பட்டத்துக்குப் படித்தபோது கற்றது. அவன் அதை நம்பினான்.

பயிற்சிப் பள்ளியோடு சேர்ந்த மாதிரிப் பள்ளியில் கோமுவைச் சின்ன வகுப்பில் சேர்த்தான். விமரிசனப் பாடத்தன்று ஒரு வாத்தியார் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவார். மற்றவர்கள் சுவரோரம் உட்கார்ந்து குறைநிறை எழுதுவார்கள். பூதலிங்கத்தின் முறை வந்தது. அவர் புளியங்கொட்டைகளைப் பரப்பி எண்ணக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கும்போது கோமு பக்கத்துப் பிள்ளையின் தோளைக் கடித்தாள். பூதலிங்கத்தின் கை தானாக ஓங்கியது. ஞானசம்பந்தன் வேண்டாம் என்று தலையசைத்தான். அவர் கடிபட்ட பிள்ளையைத் தூக்கி அப்பால் உட்காரவைத்துவிட்டு, கோமுவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணினார். சுவரோரத்து வாத்தியார்கள் அத்தனை பேரும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். கோமு கத்தினாள். அப்பா என்று கூப்பிட்டாள். ஞானசம்பந்தன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டிலும் அதே பாடம். கடித்தால் கையை விடுவித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்புவான். அவள் கைகட்டி உட்கார்ந்தால் சிரிப்பான். மடியில் வைத்துச் சில்லுக்கருப்பட்டி கொடுப்பான். அம்மா எங்கே என்று அழுதாலும் திரும்பிக்கொண்டான். அந்தக் கேள்விக்கு அவனிடம் வேறு வழியும் இருக்கவில்லை.

தையில் கடி குறைந்தது. பங்குனியில் நின்றேவிட்டது. ஆடிக்குள் அம்மாவைக் கேட்பதும் நின்றது. இப்போது சோற்றில் கை வைக்குமுன் கோமு அவன் முகத்தைப் பார்ப்பாள். வாசற்படி இறங்குமுன் பார்ப்பாள். சிரித்தால் செய்வாள். இல்லாவிட்டால் கையைக் கட்டிக்கொள்வாள்.

பூதலிங்கம் மனதாரப் பாராட்டினார். "நம்ம கோதண்டம்கூட இம்புட்டுச் சுருக்கா வேலை பாக்காது, சார். நல்ல வித்தையால்லா இருக்கு."

வெகு நாளைக்குப் பிறகு ஞானசம்பந்தனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

தலைத்திவசத்துக்கு வந்த தில்லைநாயகம், பந்தி முடிந்த பிறகும் கோமுவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம கோமுதானா வே இது? கோயில் சிலைய இறக்கி வச்ச மாதிரில்லா இருக்கு."

சொன்ன சொல் மாறமாட்டேன் என்றார். பிள்ளை அடங்கிவிட்டது; இங்கேயே இருக்கட்டும். ஆனால் வீட்டில் தன் மனைவி பாலம்மாள் ஆசையோடு வழி பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அவளிடம் போய்ச் சமாதானம் சொல்லலாம். தாராளமாகக் கேளுங்கள் என்றான் ஞானசம்பந்தன். அவனுக்குத் தயக்கமே இல்லை.

"ஏட்டி கோமு, பைய யோசிச்சுச் சொல்லு. அப்பா கூட இருக்கியா, மாமா கூட ஊருக்கு வாரியா?"

கோமு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விடையைச் சொல்லிக்கொடுத்ததாகும். கேள்வி கேட்டிருக்கும்போது வாத்தியார் முகம் எதையும் காட்டக்கூடாது என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். பிள்ளை தானாகச் சொல்லட்டும். ஜெயித்தால் நேர்மையாக ஜெயித்ததாக இருக்கட்டும். முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டான்.

கோமு அந்த முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். தில்லைநாயகம் வாயெல்லாம் பல்லாக இருந்தார்.

"மாமா கூட," என்றாள்.

"பிள்ளையே சொல்லிட்டு, மாப்ள." தில்லைநாயகம் கோமுவை அருகில் இழுத்துக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல."

அவள் மனதைச் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள் என்று ஞானசம்பந்தன் விளக்கியிருக்கலாம். அப்படியானால் ஒரு வருஷமாக அவளுக்கு என்ன கற்றுக்கொடுத்தான் என்பதையும் சேர்த்து விளக்க வேண்டும். கேளுங்கள் என்றவனும் அவன்தான். உள்ளே போய் அவளுடைய பாவாடைகளை மடித்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் ஆழ்வார்குறிச்சி வழியாகப் போகும் செங்கோட்டை ரயில் வண்டியில் ஏற்றிவிட்டபோது கோமு அழவில்லை. அழுதால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஜன்னலோரம் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். வண்டி அசைந்ததும் அவன் முகத்தைப் பார்த்தாள். அவனால் திரும்பிக்கொள்ள முடியவில்லை. கடைசியாகப் பார்ப்பது நல்ல முகமாக இருக்கட்டும் என்று சிரித்தான்.

கோமுவும் சிரித்தாள். சரியாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்துகொண்ட பிள்ளை, மாமாவின் பக்கம் நகர்ந்து இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தது.