சினைமீனுக்குப் பொரி

“பிடிச்ச மீனைத் திருப்பி ஆத்தில விடுறதெண்டால், அதை முதல்ல ஏனப்பா பிடிக்கிறது?”

ஏழு வயதில் ஆரணி காரின் பின்சீட்டில் இருந்து இதைக் கேட்டாள். அரியரத்தினம் கண்ணாடியில் மகளைப் பார்த்தார், பிறகு வீதியைப் பார்த்தார், பிறகு கண்ணாடிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த முருகனைப் பார்த்தார். மூன்று இடத்திலும் பதில் இல்லை. “பேசாமல் பிஸ்கற்றைச் சாப்பிடு பிள்ளை” என்றார். உலகத்தின் பெரிய கேள்விகளில் பாதி இப்படிப் பிஸ்கற்றோடுதான் முடிந்திருக்கிறது.

ஆனால் கேள்வியில் நியாயம் இருந்தது. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு அரியரத்தினத்துக்குக் கிடைத்த வேலை அப்படி. மெல்பேர்ன் புறநகரான கிரெய்கிபர்னில் இருந்து ஒன்றரை மணித்தியாலம் ஓடினால் மலையடிவாரத்தில் ஒரு மீன்குஞ்சுப் பண்ணை. தூண்டில்காரர் சங்கம் ஒன்று நடத்தியது. குளிர்காலத்தில் ட்ரவுட் மீன்கள் முட்டையிட ஏரியில் இருந்து ஆற்றில் ஏறும். அவற்றில் சிலவற்றை வலைக்கூடு வைத்துப் பிடித்துத் தொட்டியில் விடுவார்கள். சினை முற்றியதும் வயிற்றை மெல்ல வருடினால், செம்மஞ்சள் மணிகளாக முட்டை ஒரு பேசினில் கொட்டும். அதன்மேல் ஆண்மீனின் விந்தைப் பீய்ச்சி, வாத்து இறகால் கலக்குவார்கள். பிறகு தாயையும் தகப்பனையும் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். குஞ்சுகள் பண்ணையில் வளர்ந்து ஆற்றுக்குப் போகும். அங்கே தூண்டில்காரர் அவற்றைப் பிடித்து, முத்தம் கொடுத்துப் படம் எடுத்து, பெரும்பாலும் அவர்களும் விட்டுவிடுவார்கள்.

தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த மீன்களைத் தாயாக வைத்தால் இவ்வளவு பாடு இல்லை. ஆனால் அவற்றின் பிள்ளைகள் தீபாவளிக்கு வந்த மருமகன் மாதிரி, சாப்பாடு காட்டிய கையை நோக்கி வாயைத் திறந்துகொண்டு வரும். ஆற்று மீனின் பிள்ளைதான் தூண்டிலோடு சண்டை பிடிக்கும் என்பது சங்கத்தின் கொள்கை.

இந்த வேலை பாவமா இல்லையா என்று கோயிலில் ஒரு விவாதம் நடந்தது. ஐயர் யோசித்து, “கொல்லுறதில்லையே, மருத்துவிச்சி வேலைதானே” என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு அந்தப் பிள்ளைகளின் வாயில் கொளுவுகிற தூண்டில் யாருடைய கணக்கு என்று ஒருவர் கேட்க, ஐயருக்கு அவசரமாக ஓர் அர்ச்சனை ஞாபகம் வந்துவிட்டது. அரியரத்தினம் தன் பங்குக்கு மீன் சாப்பிடுவதை விட்டார். பக்தி என்று பெரிதாகச் சொல்ல முடியாது. காலையில் முகம் பார்த்துப் பழகிய ஆட்களை இரவில் பொரிக்க மனம் வரவில்லை.

பண்ணைத் தலைவர் கீத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. கடவுள் இல்லை என்பதில் உறுதியானவர். மூன்று வார்த்தை பேசினால் இரண்டு தூஷணம். ஆனால் ஒவ்வொரு பெண்மீனின் வயிற்றிலும் கை வைக்குமுன், “மன்னிச்சுக்கொள் கண்ணே” என்று அதனிடம் சொல்வார். முதல்நாள் அதைக் கேட்டபோது அரியரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வாரம் அவரும் சொல்லத் தொடங்கியிருந்தார்.

அந்த ஆண்டு கூட்டில் அகப்பட்டவற்றில் ஒன்று மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பெரிது. வால் துடுப்பில் ஒரு வெட்டு இருந்தது. கீத் அதற்கு டச்சஸ், அதாவது சீமாட்டி, என்று பெயர் வைத்தார். அரியரத்தினம் மனதுக்குள் மாமி என்று கூப்பிட்டார்; அந்தப் பார்வையை அவர் தன் கலியாண வீட்டில் பார்த்திருக்கிறார். கீத்தின் வீட்டுக்குக் கீழே ஆறு வளைகிற மடுவில் இரண்டு வருடத்துக்கு முதல் அவள் அவருடைய தூண்டிலை அறுத்துக்கொண்டு போனவள்.

“இப்ப அகப்பட்டிட்டாள்தானே” என்றார் அரியரத்தினம்.

“கூட்டில விழுந்தது கணக்கில்லை, அரி. அந்த மடுவில, என்ர தூண்டிலில வரவேணும். ஒருக்காக் கையில பிடிச்சுப்போட்டு விட்டிடுவன். அதோட நான் செத்தாலும் பரவாயில்லை.”

அரியரத்தினத்துக்கு அது தற்காலிக வேலை. சீசன் முடிய, சங்கத்தின் கமிட்டி கூடி நிரந்தரமாக்குவதா இல்லையா என்று தீர்மானிக்கும். புதுவீட்டுக் கடன் தோளில் இருந்தது. தொழிற்சாலை மூடிய பிறகு ஐம்பது வயதுக்காரனை வேறு யாரும் கூப்பிடவில்லை. அந்தக் குளிர்காலம் ஒரு பிழையும் விடக்கூடாது என்று முருகனோடு ஒப்பந்தம் செய்திருந்தார். முருகன் கையெழுத்துப் போடவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீத் பட்டணத்துக்குப் போயிருந்த நேரம், கோயில் ஆட்கள் ஒரு வான் நிறைய வந்து இறங்கினார்கள். அழைத்தது அரியரத்தினம்தான். பெருமை யாரை விட்டது? முன்னால் வந்தவர் சிவனேஸ்வரி அன்ரி. அரியரத்தினம் குடும்பம் ஒரு சூட்கேசோடு மெல்பேர்னில் இறங்கிய மாதத்தில் தினமும் சோறு கொண்டுவந்து தந்தவர். அவர் சொன்னதை மறுக்கும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை. அன்ரியின் கையில் ஒரு பெரிய பை இருந்தது. உள்ளே பொரி.

சினைமீன் இந்தக் காலத்தில் ஒன்றும் தின்னாது என்று அரியரத்தினம் பணிவாகச் சொன்னார்.

“கோயில் கேணி மீன் தின்னுது. வெள்ளைக்காரன்ர மீனுக்கு மட்டும் என்ன, டயற்றோ?” என்றார் அன்ரி. “பெருமாளே மீனாய் வந்தவர். வெறுங்கையோட எப்படி நிக்கிறது?”

எல்லோரும் ஒரு கை அள்ளி, கண்ணை மூடி, தொட்டிக்குள் போட்டார்கள். மலேசியாக்காரரான கோபாலகிருஷ்ணன் மகனின் பரீட்சைக்காக இரண்டு கை போட்டார். மீன்கள் திரும்பியும் பார்க்கவில்லை. பொரி வெள்ளையாக மிதந்து, சுற்றி, தண்ணீர் வெளியேறும் வாயின் கம்பிவலையை நோக்கிப் போனது. அந்த வலையை அடிக்கடி துடைப்பது அரியரத்தினத்தின் வேலை. துடைக்கத்தான் எழும்பினார். அந்த நேரம் பார்த்து அன்ரி மரத்தடியில் உளுந்து வடையைத் திறந்தார்.

ஒரு வடை இரண்டானது. பொரி ஊறினால் களி. களி வலையை அடைத்தது. தண்ணீர் ஏறியது. ஏறிய தண்ணீர் விளிம்பைத் தாண்டி, பக்கத்து வாய்க்கால் வழியாக ஓடைக்குப் போனது. முட்டையிட ஆற்றேறும் மீனுக்கு ஓடும் தண்ணீரைப் பார்த்தால் சும்மா இருக்க வருமா? ஒவ்வொன்றாகத் துள்ளின.

“அப்பா,” என்றாள் ஆரணி வடையோடு, “மீன் வீட்டை போகுது.”

அதற்குப் பிறகு நடந்ததை அந்தக் கோயிலில் யாரும் பேசுவதில்லை. அரியரத்தினம் ஓடைக்குள் பாய்ந்தார். பிறந்ததில் இருந்து முட்டைகூடத் தொடாத சிவனேஸ்வரி அன்ரி, சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, தேவாரம் சொல்லியபடி தண்ணீரில் இறங்கி, கூறைச்சேலை முந்தானையால் ஒரு பெண்மீனைச் சுற்றிப் பிடித்தார். கோபாலகிருஷ்ணன் வேட்டியைக் கழற்றி வலையாக்கி, அரைக்காற்சட்டையோடு நின்றார். குளிரில் எல்லோருடைய பற்களும் தாளம் போட்டன. கீத் திரும்பி வந்தபோது கண்டது இந்தக் காட்சி. பட்டுச் சேலைகளையும், திருநீற்று நெற்றிகளையும், துள்ளும் ட்ரவுட்டுகளையும் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவரும் இறங்கினார்.

அநேகமாக எல்லா மீனும் கிடைத்தன. மாமி மட்டும் போய்விட்டாள். அந்த ஆண்டின் சிறந்த சினை அவளோடு போனது.

கமிட்டி கூடியது. வலை எப்படி அடைபட்டது என்று சங்கத் தலைவர் கேட்டார். அரியரத்தினம் வாயைத் திறந்தார். மேசைக்குக் கீழே கீத்தின் கனத்த சப்பாத்து அவருடைய காலை மிதித்தது. இலைக்குப்பை அடைத்தது என்றும், வலை தன் பொறுப்பு என்றும், தான் துடைக்காமல் பட்டணத்துக்குப் போய்விட்டதாகவும் கீத் சொன்னார். கோபம் வந்த கமிட்டி அவரைப் பண்ணைத் தலைவர் வேலையில் இருந்து இறக்கியது. அவர் அந்த மாதமே ஓய்வு பெற்று, ஆற்று வளைவு வீட்டோடு ஒதுங்கினார். அரியரத்தினத்தின் வேலை நிரந்தரமானது.

அன்று மாலை அரியரத்தினம் அழாத குறையாகக் கீத்தின் வீட்டு வாசலில் நின்றார்.

“எனக்கு முழங்கால் போட்டுது, எப்படியும் வேலையை விடுற எண்ணம்தான்” என்றார் கீத். “இதைப்பற்றி இன்னொருக்கா வாய் திறந்தியெண்டால், மிச்சப் பொரியை உனக்கே தீத்துவன்.”

பிறகு அரியரத்தினம் வடை கொண்டுபோனார்; கீத் சாப்பிட்டார். லட்டு கொண்டுபோனார், அதையும் சாப்பிட்டார். நன்றி என்ற சொல்லை மட்டும் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். பொய் பாவம் என்று சின்ன வயதில் இருந்து படித்த அரியரத்தினம், சாமியறையில் நின்று அந்தப் பொய்யை எந்தக் கணக்கில் எழுதுவது என்று நெடுநாள் குழம்பினார். கடைசியில், அதைக் கணக்குப் பார்க்கிறவன் கீத் மீனிடம் கேட்கிற மன்னிப்பையும் கேட்டிருப்பான் என்று ஆறுதல் அடைந்தார்.

அந்தக் கோடை முழுவதும் கீத் காலையில் மடுக்கரையில் கதிரை போட்டு, தூண்டிலோடு அதில் உட்கார்ந்திருந்தார். டச்சஸ் வரவில்லை. சின்னஞ்சிறு மீன்களே வந்தன.

அடுத்த குளிர்காலம், ஒரு காலையில் அரியரத்தினம் வலைக்கூட்டைத் தூக்கியபோது உள்ளே ஒரு பெரிய உடம்பு புரண்டது. வால் துடுப்பில் வெட்டு. அதே பார்வை.

சினை முற்றிய நாளில், “மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமி” என்று சொல்லி அவளுடைய முட்டையை எடுத்தார். பேசின் நிறைந்தது. ஒழுங்கின்படி அவளைப் பிடித்த இடத்தில்தான் விடவேண்டும். அரியரத்தினம் அந்த ஒழுங்கை ஒருநாளும் மீறியவர் அல்ல.

மறுநாள் விடியப்புறம், மூடியிட்ட வாளியில் அவளோடு ட்ரக்கில் வந்து, வளைவுக்கு மேலே சரிவில் நிறுத்தினார். பனிப்புகார் ஆற்றை மூடியிருந்தது. கீத்தின் புகைபோக்கியில் இன்னும் புகை எழவில்லை. அரியரத்தினம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மாமியை நீரோட்டத்துக்கு முகம் காட்டிப் பிடித்துக்கொண்டார். செவுள் திறந்து மூடியது. மீன்பிடி சீசன் திறக்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் தின்று தேறிவிடுவாள். அதுவரை இந்த மடுவில் அவளை நிற்கச் சொல்வது முருகனின் வேலை. போனமுறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவன் இந்தமுறையாவது ஏதாவது செய்யட்டும்.

மகள் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. கையைத் தளர்த்தினார். மாமி அவசரப்படவில்லை. கதிரை போடும் கரைக்கு நேரே, பெரிய கல்லின் நிழலுக்குள் போய் நின்றாள்.

அவர் வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். கீத் எழும்பிவிடக் கூடாது என்று எஞ்சினைப் போடாமல், பிரேக்கை மட்டும் விட்டு, ட்ரக்கைச் சரிவில் மெதுவாக உருளவிட்டார்.