பதில் வருமுன் மூடிய போர்ட்

மீன்குஞ்சுப் பண்ணையில் அவளுக்குப் பெயர் அவசரம். வைத்தவள் அண்ணி. பண்ணையும் அண்ணியுடையதுதான். ஆறு தொட்டிகளுக்கும் காற்று ஊதும் பம்புகளை ஓட்டும் கண்ட்ரோலரும், அதற்குக் கட்டளை கொடுக்கும் கம்ப்யூட்டர் நிரலும் அவசரத்தின் கைவேலை.

வயரை யாராவது பிடுங்கிக் கம்ப்யூட்டரின் வேறு துளையில் செருகினால் கண்ட்ரோலரின் போர்ட் எண் மாறிவிடும். "மறுபடி காணோம்னு சொல்லுது" என்று அண்ணி போனில் புலம்பியே அவள் காது புளித்துவிட்டது. அதனால் நிரலே தேடிக்கொள்ளும்படி எழுதிவிட்டாள். அது ஒவ்வொரு போர்ட்டாகத் திறந்து "யார் நீ?" என்று கேட்கும், இரண்டு நொடி பார்க்கும், பதில் இல்லையென்றால் மூடிவிட்டு அடுத்ததற்குப் போகும். எடைத்தராசும் பில் பிரிண்டரும் வாயே திறக்காது. கண்ட்ரோலர் மட்டும் தன் பெயரைச் சொல்லும்.

நேற்று கண்ட்ரோலருக்கு ஒரு வேலை கூட்டியிருந்தாள். இனி அது கண் விழித்ததும் ஆறு தொட்டிகளின் சென்சார்களையும் சரிபார்த்துவிட்டுத்தான் பேசும். போர்ட் தேடும் வேலையே இல்லாமல் தன் லேப்டாப்பை நேரடியாக மாட்டிப் பம்பை ஓடவிட்டுப் பார்த்தவள், பண்ணைக் கம்ப்யூட்டரில் ஒரு தடவை சோதிக்காமலே கிளம்பிவிட்டாள். பெயருக்கு ஏற்ற காரியம்.

இன்று காலை வந்து நிரலைத் திறந்தாள். அடுத்த அறையில் பம்புகளின் சத்தம் பட்டென்று நின்றது. திரையில் "கண்ட்ரோலர் கிடைக்கவில்லை" என்று வந்தது.

"என்னாச்சு?" அண்ணியின் குரல் தொட்டி அறையிலிருந்து வந்தது.

"ஒண்ணுமில்ல அண்ணி, ஒரு நிமிஷம்!"

தேடு பொத்தானை அமுக்கினாள். கிடைக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். வயரைப் பிடுங்கிச் செருகி அமுக்கினாள். லேப்டாப் வீட்டில் கிடந்தது. போய் எடுத்துவர முக்கால் மணி நேரமாகும். பம்பை நேரடியாக ஓட்டும் சுவிட்சையும், ஆளாளுக்குக் கை வைக்கிறார்கள் என்று போன மாதம் அவளே கழற்றச் சொல்லியிருந்தாள்.

"குஞ்செல்லாம் மேல வந்து வாயப் பொளக்குதுடி!"

நாற்பது நாள் அண்ணி கண்ணுக்குள் வைத்து வளர்த்த குஞ்சுகள். கதவு வழியாகப் பார்த்தாள். அண்ணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காற்றுக் கலக்கட்டும் என்று வாளியில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு தொட்டியில் ஊற்றினால் ஐந்து தொட்டி காத்துக் கிடக்கும். அவசரம் திரும்பிப் பொத்தானை அமுக்கினாள், அமுக்கினாள், அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

"ஏய், அங்க என்ன பண்ற? சுவத்துல அந்தப் பெட்டியோட லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியுது!"

அவள் கை அப்படியே நின்றது.

போர்ட்டைத் திறந்தாலே கண்ட்ரோலர் அணைந்து முதலிலிருந்து எழும். எழுந்து ஆறு தொட்டியையும் பார்த்து முடிக்க அதற்கு எட்டு நொடி வேண்டும்; அப்புறமும் நிரல் கட்டளை கொடுத்தால்தான் பம்பு ஓடும். இவள் நிரலோ இரண்டு நொடியில் கதவைச் சாத்திவிட்டுப் போகிறது. பதில் சொல்ல வாயெடுக்குமுன் இவளே மறுபடி மறுபடி தலையில் தட்டி உட்கார வைத்திருக்கிறாள். பம்பை நிறுத்தியதும் இவள்தான்.

நிரலின் அமைப்புக் கோப்பைத் திறந்து, இரண்டை அழித்துப் பன்னிரண்டு என்று போட்டாள். ஒரே ஒரு முறை அமுக்கினாள். விரல்கள் சும்மா இருக்காது என்று தெரிந்து இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

தராசுக்குப் பன்னிரண்டு நொடி. பிரிண்டருக்குப் பன்னிரண்டு நொடி. அண்ணி வாளியோடு ஓடும் சத்தம் கேட்டது. மூன்றாவது போர்ட். ஐந்து, ஆறு, ஏழு.

திரையில் பெயர் வந்தது. பம்புகள் உறுமின.

ஓடிப் போய்ப் பார்த்தாள். ஐந்து தொட்டிகளில் குஞ்சுகள் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. ஆறாவதில் பாதிக்கு மேல் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன.

"என்ன கோளாறு அது?" அண்ணிக்கு மூச்சு வாங்கியது.

வயர் லூஸ் என்று சொன்னால் அண்ணி நம்பிவிடுவாள். அந்தச் சொல் அவள் நாக்கு நுனி வரை வந்தது.

"கோளாறெல்லாம் இல்ல அண்ணி. நல்லா ஓடிட்டிருந்தத நான்தான் நிறுத்திட்டேன். நேத்தே இங்க சோதிச்சுப் பாத்திருக்கணும். பாக்கல."

சுவரில் மாட்டியிருந்த வலையை எடுத்து அண்ணி அவள் கையில் திணித்தாள்.

"செத்தத நீயே அள்ளு. ஒவ்வொண்ணா."