ரேணுகாம்பாளின் அணில் பார்டர்

அந்தத் தொடுதிரை டேப் யாருக்குச் சொந்தம் என்பதில் ரேணுகாம்பாளுக்கும் அவள் புருஷன் கைலாசத்துக்கும் ஒரு வருஷமாகப் பஞ்சாயத்து. வாங்கியது என்னவோ மகள் துர்காவின் ஆன்லைன் வகுப்புக்கு. அவள் ஏனாத்தூர் கல்லூரிக்குப் போனதும் லேப்டாப்புக்கு மாறிவிட்டாள். அன்றிலிருந்து கைலாசம் அதைத் தறிக்காலில் சாய்த்துவைத்து, கண் பாதி காது பாதியாகப் படம் பார்த்துக்கொண்டே நெய்வார். அவர் சாப்பிட எழுந்தால் போதும், ரேணுகாம்பாள் லபக்கென்று எடுத்துப்போய் அதில் பூவும் கொடியும் வரைவாள்.

பொழுது போகாமல் வரைகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். தான் போட்ட பார்டர் ஒன்றாவது பட்டில் ஏற வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு வரைகிறவள் அவள்.

டிசைன் மாஸ்டர் தணிகாசலத்துக்கு இது வேடிக்கையாக இருந்தது. தெருவில் பாதித் தறிகளுக்கு டிசைன் கொடுப்பவர் அவர். பெரிய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிற கர்வம் வேறு.

"அது படம் பாக்கற பலகைம்மா. அதுல போயி டிசைன் போடறேன்ற. நாலு பேரு கேட்டா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் மாஸ்டர். ஒரே ஒரு வாட்டி தறியில ஏத்திப் பாருங்க. நல்லா இல்லன்னா நான் அப்புறம் வாயே தொறக்க மாட்டேன்."

இரண்டு மாதம் நச்சரித்த பிறகு அவர் இறங்கிவந்தார். கைலாசத்தின் தறியில் கல்யாணப் புடவைக்குப் புதுப் பாவு பூட்டியிருந்த நேரம் அது. ரேணுகாம்பாள் வரைந்தது அணில். குளக்கரை மதில்மேல் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும் அணில்கள், ஒன்றன்பின் ஒன்றாக, பார்டர் நெடுக. அன்னமும் மயிலும் யானையும் நெய்து அலுத்த ஊரில் அணில் புதுசு. அவள் கட்டம் கட்டமாகப் போட்டுக் கொடுத்ததை மாஸ்டர் அப்படியே பென் டிரைவில் ஏற்றி, தறிக்கு மேலே இருந்து, டிசைன்படி இழைகளைத் தூக்கிவிடும் ஜக்கார்டு பெட்டியில் செருகிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கைலாசம் குரல் கொடுத்தார். "ரேணு, இங்க வா. வந்து உன் அணிலப் பாரு."

போய்ப் பார்த்தாள். அடக் கடவுளே! இழுத்து நீட்டிய உடம்பும் கட்டைக் காலுமாக ஜரிகையில் ஒரு கீரிப்பிள்ளை படுத்திருந்தது. கைலாசத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. செய்தி கேட்டு வந்த மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"கண்ணாலத்துக்குக் கீரிப்புள்ள பார்டரா கட்டுவாங்க? தறி சும்மா நிக்கக் கூடாதும்மா. ஒரு மணி வரைக்கும் பாக்கறேன். இல்லாட்டி பழைய மாங்கா பார்டரையே ஏத்திடுவேன். அப்புறம் ரெண்டு பேரும் அந்தப் பலகையில படம் பாத்துக்கினு இருங்க."

ரேணுகாம்பாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இழை எண்ணும் கண்ணாடியை எடுத்துவந்து நெய்த இடத்தின்மேல் வைத்தாள். ஒரு அங்குலத்துக்கு நெடுக ஓடும் பாவு இழை எத்தனை, குறுக்கே ஓடும் ஊடை எத்தனை என்று ஊசிமுனையால் எண்ணினாள். பாவு நெருக்கம், ஊடை அதைவிடக் குறைவு. ஆக, தறியில் ஒரு கட்டம் சதுரமே இல்லை, நீளவாக்கில் நீண்டது. இவளோ டேப்பில் சதுரக் கட்டத்தில் வரைந்து வைத்திருக்கிறாள்.

இருபது வருஷம் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றியவள், பாவு பிணைத்தவள், இதைப் போய் மறப்பாளா! காகிதத்தில் போடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு அச்சடித்த தாளிலேயே வந்துவிடும். டேப்புக்கு அதை நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னால் கேட்டுக்கொள்ளும். குற்றம் பலகையில் இல்லை, தன்னிடம்தான் என்று தெரிந்ததும் அவளுக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது.

அவள் டேப்பைப் பிடுங்கியபோது படம் உச்சத்தில் இருந்தது.

"ஏய், ஏய்! வில்லன் மாட்டப்போற நேரம்மே!"

"எவனோ எப்படியோ போறான். ஒரு மணி வரைக்கும் இது எனக்கு வேணும்."

கட்டத்தை நீளமாக்கினாள். பழைய அணிலை அதற்கு அடியில் மங்கலாக வைத்து, மேலே புதிதாகக் கட்டங்களை நிரப்பினாள். இரண்டு விரலால் பெரிதாக்கி வால் மயிரை ஒவ்வொன்றாகத் திருத்தினாள். தப்பினால் ஒரு தட்டு, பழையபடி ஆகிவிடும். தாளில் என்றால் இது மூன்று நாள் வேலை. பன்னிரண்டரைக்கு மாஸ்டர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

அவர் டேப்பை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கட்டத்த மாத்திட்டியா?"

"இழை எண்ணிட்டுத்தான் மாத்துனேன் மாஸ்டர். இந்தத் தறிக்கு இதான் கணக்கு. வேணும்னா நீங்களும் எண்ணிக்கோங்க."

அவர் எண்ணவில்லை. புது அணிலைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு கூடவே வந்தார்.

கைலாசம் கீரிப்பிள்ளையைப் பிரித்தெடுத்துவிட்டு, டேப்பை மறுபடி தறிக்காலில் சாய்த்து, விட்ட இடத்திலிருந்து படத்தை ஓடவிட்டுத்தான் நெய்ய உட்கார்ந்தார். முதலில் மூக்கு வந்தது. பிறகு முன்னங்கால்கள். முதுகு வளைந்து எழுந்தபோது அவர் மிதிப்பது மெதுவானது. வால் கிளம்பியதும் குனிந்தே விட்டார்.

"மாஸ்டர், ஓடுது பாருங்க! அணிலேதான்!"

"பாத்துக்கினுதானே இருக்கறேன். நிறுத்தாதப்பா, நெய்யி." மாஸ்டர் தலையைத் தூக்காமலே கேட்டார்: "ஏம்மா ரேணுகா, முந்தானைக்கு இன்னா போடப்போற?"

பின்னால் வில்லன் அடி வாங்கி அலறிக்கொண்டிருந்தான். ரேணுகாம்பாள் இரண்டு தலைகளுக்கும் நடுவே கையை விட்டு டேப்பை எடுத்தாள், படத்தை நிறுத்தினாள். கைலாசம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.