போட்டு வாறன்

பதினொரு மணித்தியாலம். பாய்வள்ளத்தில் போக நாலு, நெடுந்தீவில் நிற்க மூன்று, வர நாலு. சிவபாதம் அதை ஒரு கடுதாசியில் எழுதி, கீழே மூன்று போத்தல் பால் என்றும் குறித்து, மனைவி அன்னமுத்துவிடம் நீட்டினான். அவள் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மலாயாவின் தைப்பிங்கில் ஒன்பது வருடம் கந்தோர்க் கதிரையில் இருந்து எழுத்து வேலை பார்த்தவனுக்கு ஊர்காவற்றுறைக் காற்றைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளும் சொல்வதாக இல்லை.

"குறூஸ்" என்றான் அவன். பினாங்குப் பத்திரிகை ஒன்றில் படம் பார்த்திருந்தான். வெள்ளைக்காரர் ஓர் அலுவலும் இல்லாமல் கப்பலில் ஏறி, கடலைப் பார்த்துக்கொண்டு போய், சும்மா திரும்பி வருவார்களாம்.

"மீனும் பிடிக்கிறேல்லையோ?" என்று வள்ளக்காரர் பஸ்ரியாம்பிள்ளை கேட்டார்.

"இல்லை."

"தேங்காய், கருவாடு, ஒண்டும் ஏத்திறேல்லையோ?"

"உல்லாசத்துக்குப் போறது."

பஸ்ரியாம்பிள்ளை பாயைப் பார்த்தார், பிறகு அன்னமுத்துவைப் பார்த்தார். "சரி, அதையும் ஏத்துங்கோ" என்றார்.

ஏற்றியவை ஒரு மடக்குக் கதிரை, ஒரு வெள்ளைத் தொப்பி, மூன்று போத்தல் பால், இருபது மாதப் பிள்ளை பூமணி. பூமணிக்குத்தான் இந்தப் பயணம் என்று சிவபாதம் ஊரெல்லாம் சொல்லியிருந்தான். அடுத்த மாதம் மூன்று பேரும் பினாங்குக் கப்பலில் ஐந்து நாள் போகவேண்டும். அதற்கு முன் பிள்ளைக்குக் கடல் பழக்க வேண்டும்.

அன்னமுத்து கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். மலாயாவுக்குப் போவதானால் திங்கட்கிழமைக்குள் விலகல் கடிதம் தரவேண்டும், அந்த இடத்துக்கு ஆள் காத்திருக்கிறது என்று மனேச்சர் சொல்லியிருந்தார். அன்று சனி.

சிவபாதம் லீவில் வந்து பத்தொன்பது நாள். மூன்றாம் நாள் அவனுடைய றங்குப்பெட்டியை அன்னமுத்து வெயிலில் காயவைக்கத் திறந்தபோது, அடியில் நுளம்புவலை, சோறு காய்ச்சும் பானை, அவற்றுக்குக் கீழே அவன் பெயர் எழுதிய பலகை. நாலு ஆணித் துவாரங்களிலும் அண்மையில் பிடுங்கிய தடம் இருந்தது. லீவில் வருகிறவன் வாசலில் அடித்த பெயரைக் கழற்றிக்கொண்டு வருவதில்லை. அவள் எல்லாவற்றையும் முன்போலவே அடுக்கி மூடினாள். கேட்டால் இன்னொரு பொய்யைக் கேட்கவேண்டி வரும். அவனாகச் சொல்லட்டும் என்று பதினாறு நாள் பொறுத்தாள். அவன் அதற்குப் பதிலாகக் கப்பலுக்கு ஒத்திகை பார்க்க வெளிக்கிட்டான்.

போகும்போது வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளியது. நாலு மணித்தியாலத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு. சிவபாதம் மணிக்கூட்டை எல்லோருக்கும் காட்டினான். நெடுந்தீவில் பனை நிழலில் கதிரையை விரித்து இருந்து, தூரத்தில் மேய்ந்த குதிரைகளைப் பார்த்து, "தைப்பிங் குளத்தடி இதைவிட வடிவு" என்றான். பிறகு தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு நித்திரையானான். அன்னமுத்து மூன்று மணித்தியாலம் பூமணிக்குப் பின்னால் ஓடினாள்.

திரும்பும்போது அதே வாடை முகத்தில் அடித்தது. பஸ்ரியாம்பிள்ளை வள்ளத்தை ஒரு பக்கம் வெகுதூரம் ஓடவிட்டு, பாயை மாற்றி, மறுபக்கம் ஓடவிட்டார். நயினாதீவு இடது பக்கம் வந்தது, பிறகு வலது பக்கம் வந்தது, மறுபடியும் இடது பக்கம் வந்தது. அலை வள்ளத்தை உலுக்கியது. சிவபாதத்தின் முகம் சாம்பல் பூத்தது. அவன் தொப்பியைக் கழற்றினான், விளிம்பைப் பிடித்தான், கடலுக்குள் எட்டிச் சத்தி எடுத்தான்.

பூமணி அதைக் கவனமாகப் பார்த்தாள். நாள்தோறும் காலையில் பக்கத்து வீட்டுச் செல்லாச்சியின் இடுப்பில் இருந்து, பள்ளிக்கூடம் போகும் தாயைப் போய்விட்டு வரச் சொல்லி, 'போட்டு வா' என்று பழகியதை இதற்கும் சொன்னாள். கையை ஆட்டி, "போத்து வா" என்றாள்.

"வரும், வரும்" என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

அது உடனே வந்தது.

புறப்பட்ட பன்னிரண்டாவது மணித்தியாலத்தில் கடைசிப் போத்தலும் முடிந்தது. அதற்கும் பூமணி "போத்து வா" சொன்னாள். கொஞ்சம் பார்த்தாள். பால் வரவில்லை என்று கண்டதும் அழத் தொடங்கினாள். பஸ்ரியாம்பிள்ளை தன் பெட்டியைத் திறந்து ஒரு பிடி புட்டு எடுத்துக் கொடுத்தார். அன்னமுத்து அதைத் தண்ணீரில் பிசைந்து ஊட்டினாள். பிள்ளை வழித்துத் தின்றது.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று சிவபாதம் படுத்தபடி கேட்டான்.

"காத்து மாறாட்டி மூண்டு மணித்தியாலம்."

"நான் நாலு மணித்தியாலத்திலை திரும்பிறது எண்டு..."

"அது புகைக்கப்பல் கணக்கு ஐயா. போறதையும் திரும்பிறதையும் ஒண்டாப் போட ஏலாது."

"காலமையே சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் கேக்கேல்லை. எழுதி வைச்சிருந்தியள்."

சிவபாதம் மனைவி பக்கம் தலையைத் திருப்பினான். "உமக்கும் தெரியுமோ?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டோ பேசாமல் இருந்தனீர்?"

"ஓம். எத்தினை நாளைக்குத்தான் ஒரு ஆள் தெரிஞ்சதைச் சொல்லாமல் இருக்க ஏலும் எண்டு பாத்தனான்."

பஸ்ரியாம்பிள்ளை முகத்தைத் திருப்பிப் பாய்க்கயிற்றைப் பார்த்தார். அந்தக் கயிற்றில் பார்க்க ஒன்றும் இல்லை. அன்னமுத்து பிள்ளையின் வாயைத் துடைத்தாள். கடுதாசியின்படி இப்போது வீட்டுக் குசினியில் உலை கொதிக்கவேண்டும். திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு முழு நாள்தான் இருந்தது.

"இஞ்சாருங்கோ" என்றாள். "தைப்பிங்கிலை வெளிக்கிடேக்கை கந்தோரிலை என்ன சொன்னனீங்கள்?"

"எல்லாரும் சொல்லுறதுதான்."

"போட்டு வாறன் எண்டோ?"

வள்ளம் ஏறி இறங்கியது. பூமணி அந்தச் சொல்லை அடையாளம் கண்டு, யார் போகிறார் என்று சுற்றிப் பார்த்தாள். ஒருவரும் போகவில்லை. தகப்பனைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

சிவபாதம் எழும்பி இருந்தான். தொப்பியைத் தேடி எடுத்து, தலையில் வைக்காமல் மடியில் வைத்தான்.

"இல்லை" என்றான். "போறன் எண்டுதான் சொன்னனான். எனக்கு அங்கை வேலை இல்லை, அன்னமுத்து. மார்கழியோடை நிப்பாட்டிப் போட்டாங்கள்."