ஜெனாட்டின் பேய்

இருபத்தாறு வருடமாக நான் இன்னொருத்தியின் பேயை வைத்திருந்தேன். நான் மந்திரவாதி இல்லை. பல் வைத்தியரிடம் வேலை செய்கிற நிலக்சி. பேய் இருந்தது, கையில் பிடித்து வீடியோ கேம் ஆடுகிற என் பழைய கேம்போயில், போக்கிமொன் ஆட்டத்துக்குள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சிரித்தவர்களை நான் மறப்பதில்லை, என் மனுசன் உட்பட.

தொண்ணூற்றெட்டில் அந்த ஆட்டம் கனடாவுக்கு வந்தபோது, டோர்செட் பார்க்கில் ஒரே கட்டடத்தில் நானும் ஜெனாட்டும் இருந்தோம். பிராணிகளைப் பிடித்துச் சேர்க்கிற ஆட்டம் அது, இரண்டு பதிப்பில் வந்தது. என்னிடம் சிவப்பு, அவளிடம் நீலம். அதை உருவாக்கியவர் யப்பானில் சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவராம். இரண்டு கேம்போயை இணைக்கிற வயரைக் கண்டதும், அதற்குள்ளால் பூச்சி ஊர்ந்து போனால் எப்படி இருக்கும் என்று யோசித்தாராம். ஆட்டத்தின் உயிரே அதுதான். சில பிராணிகள் சிவப்பில் மட்டும் கிடைக்கும், சில நீலத்தில் மட்டும். தனியாக இருந்து எல்லாவற்றையும் சேர்க்க முடியாது, ஒரு சிநேகிதி வேண்டும். கேம்போயின் காலம் முடிந்தது என்று பெரியவர்கள் கைகழுவிய நேரத்தில், பிள்ளைகளே வாய்க்கு வாய் சொல்லி அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். இன்றைக்கு என் மகளின் தண்ணீர்ப் போத்தலிலும் அதுகள்தான் பல்லைக் காட்டுகின்றன.

சில பிராணிகள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறினால்தான் பெரிதாக வளரும். ஆகவே எங்கள் ஒப்பந்தம் இது: மாற்றுவோம், வளர்ந்ததும் அவரவருடையதைத் திருப்பிக் கொடுப்போம். கட்டடத்தின் லோன்றி அறையில், உடுப்பு மெஷின் மேலே ஏறி இருந்து மாற்றினோம். என் பிராணி மல்லன் அவளிடம் போய் நான்கு கையனானான். அவளுடைய பேய் என்னிடம் வந்து கொழுத்தது. திருப்பி மாற்றுமுன் அவளுடைய அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கிழமையே அவர்கள் பிரம்டனுக்கு வீடு மாறினார்கள். வயரும் அவளுடையது, அதுவும் கூடவே போய்விட்டது. எங்களிடம் கார் இல்லை. பிரம்டன் என்றால் அப்போது எனக்குச் சந்திரமண்டலம். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி அவள். நான் நன்றாக அழுதேன்.

போன மாதம் மில்லிக்கனில் ஒரு பிறந்தநாள் விழாவில் அவளைக் கண்டேன். நலம் விசாரிப்பதற்கு முன்பே கேட்டாள்.

"என்ர பேய் இருக்கோ?"

"ஓம். என்ர மல்லன்?"

"பத்திரமா இருக்கிறான்."

ஆட்டம் இருக்கிற அந்தக் கசற்றுக்குள் சின்னப் பற்றரி ஒன்று உண்டு. அது செத்தால் சேமித்ததெல்லாம் போய்விடும். இத்தனை வருடம் தாங்கியதே பெரிய விஷயம். அதைச் சொல்லி, உடனே திருப்பி மாற்றவேண்டும் என்று அவளை அவசரப்படுத்தினேன். மல்லன் எனக்கு வேண்டும். அவளுடைய பேய் என் கைக்குள் செத்துப்போகவும் கூடாது.

அடுத்த ஞாயிறு அஜின்கோர்ட்டில் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தோம். ஜெனாட் தட்டில் இருந்த ரோல்ஸையும் தொடவில்லை, தேநீரையும் தொடவில்லை.

"நிலக்சி, ஏசாத. மல்லன் இல்லை."

"இல்லையெண்டா?"

"நேற்றுப் பற்றரி மாத்தினனான். குளிர் வர முதல் காருக்கு மாத்துறம்தானே, அந்த யோசினையில. இண்டைக்கு வழியில நிண்டுபோகக் கூடாது எண்டு பயந்தனான். பழசைக் கழட்டின உடன எல்லாம் அழிஞ்சுபோச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ எஞ்சினியர் எண்டு ஆரடி சொன்னது?" என்று தொடங்கினேன். அவளுடைய கண் நிறைந்திருந்ததைக் கண்டு வாயை மூடினேன். எனக்கு வாயை மூடுவது சுலபமான காரியம் இல்லை.

"விடிய எழும்பிப் புதுசாத் தொடங்கினனான்," என்றாள். "ஆட்டத்தில பிராணி மாத்துற இடம் வரைக்கும் வந்திட்டன். உனக்குத் தர இதுதான் இருக்கு."

ஒரு எலி. ஆட்டத்தில் எந்தப் புல்லுக்குள்ளும் அகப்படுகிற, ஒன்றுக்கும் உதவாத எலி. அதற்கு நிலா என்று பெயர் வைத்திருந்தாள். சின்னவயதில் என்னை அப்படிக் கூப்பிட்டது அவள் ஒருத்திதான்.

வயரைக் கொளுவினோம். எலி என்னிடம் வந்தது, பேய் அவளிடம் போனது. பேயின் விபரத்தைத் திறந்து பார்த்தாள். சொந்தக்காரர் என்ற இடத்தில், பதினொரு வயதில் அவள் அடித்த அவளுடைய பெயர் அப்படியே இருந்தது. "அந்த ஆட்டத்தில மிஞ்சினது இது மட்டும்தான்," என்று மூக்கை உறிஞ்சினாள்.

பிறகு சந்தோசமாக அதைச் சண்டைக்கு இறக்கினாள். பேய் அசையவில்லை. அடி என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"என்னடி, சொல்லுக் கேக்குதில்லை?"

ஆட்டம் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போடும். அவளுடைய பழைய எண் பற்றரியோடு அழிந்துவிட்டது, புதிதாகத் தொடங்கியதில் வேறு எண். பெயர் அதேதான், ஆனால் பேய்க்கு அவள் யாரோ ஒரு பெண்.

"உன்னைத் தெரியேல்லை," என்றேன். "ஆட்டத்தில ஊர் ஊராய்ப் போய்ப் பதக்கம் வெல்லவேணும். வெண்டாப் பிறகு கேக்கும்."

"கனநாள் எடுக்குமே."

"எடுக்கட்டும். ஞாயிறு ஞாயிறு வா. இப்ப கார் இருக்குத்தானே?"

சிரித்தாள். ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தாள். புறப்படும்போது வயரைக் கழற்றிச் சுற்றினாள். கைப்பைக்குள் வைக்கப் போனவள், நின்று, அதை என் பக்கம் தள்ளினாள்.

"இந்த முறை இது உன்னட்ட இருக்கட்டும்," என்றாள்.